ஓர் எழுத்து உதிர்ந்தபோது

போன வாரம் ஒரு சாயங்காலம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்துக்காக நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் அக்கா.

"தம்பி... டாக்டர் போன் பண்ணாங்க. அத்தான் 'ஆன் தி எண்டு'ன்னு சொல்றாங்க. வந்து பாக்கலாமாம். காடிய எடுத்துட்டு வாடா."

அதோடு போனை வைத்துவிட்டாள்.

அத்தானுக்கு டெங்கி. சில நாட்களாக மருத்துவமனையில் இருந்தார். இரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற வேண்டி வரலாம் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்கள். அக்கா குளித்து உடை மாற்ற வீட்டுக்கு வந்த நேரம் பார்த்து இந்த அழைப்பு.

பொட்டலத்தை வாங்கினேனா, அப்படியே விட்டுவிட்டு ஓடினேனா... சத்தியமாக ஞாபகம் இல்லை.

தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் கடல் பாலத்தில் ஏறினால் ஜாம். அந்த நேரத்தில் ஜாம் இல்லாமல் எப்போது இருந்திருக்கிறது? ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு காரும் எனக்கென்றே வந்து குறுக்கே நிற்பதுபோல் இருந்தது. ரேடியோவைப் போட்டேன். நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கினேன். ஏற்றினேன். பக்கத்துக் காரில் ஒருவர் நிம்மதியாகப் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் மேல் ஏனோ கோபம் வந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதை ஆங்கிலத்தில் 'பேட்டட் பிரெத்' என்பார்கள். இந்த வாரம் இந்தப் பத்தியில் அதைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். பலர் அதன் நடுவில் ஒரு 'ஐ' சேர்த்து எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் மூச்சில் தூண்டில் இரை மாட்டியிருப்பதாக ஆகிவிடும்! அசல் சொல் 'அபேட்' — தணிவது, குறைவது. புழங்கிப் புழங்கி முதல் எழுத்து உதிர்ந்துபோய் 'பேட்' மட்டும் மிச்சம். இதெல்லாம் மேஜை முன்னால் உட்கார்ந்து யோசிக்க நன்றாக இருக்கிறது. பாலத்தின் நடுவில், கடலுக்கு மேல், முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் மாட்டிக்கொண்டால்தான் அந்தச் சொல் நெஞ்சுக்குள் என்ன செய்யும் என்று தெரிகிறது.

ஏதோ ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. 'ஆன் தி எண்ட்' என்று யாராவது சொல்வார்களா? அப்படி ஒரு பேச்சு இங்கிலீஷில் உண்டா? ஆனால் அந்த நேரத்தில் இலக்கணம் பார்க்கிற மனசா அது?

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். காரில் ஏறினாள். அழவில்லை. மடியில் இருந்த துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாகவே வந்தாள்.

வார்டுக்கு ஓடினோம். கட்டிலில் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் ஸ்பூன், இன்னொரு கையில் கைப்பேசி.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்று எங்களைக் கேட்டார். "குடும்ப குரூப்புல எல்லாரும் கும்பிடு போட்டுக்கிட்டே இருக்காங்க. கேட்டா நல்லா இருக்காதுன்னு நானும் ஒண்ணு போட்டுட்டேன்."

அக்கா ஈப்போவில் இருக்கும் எங்கள் சித்தப்பாவுக்கும் சொல்லியிருக்கிறாள். அவரோ அத்தான் பெயரைப் போடாமல், 'எல்லோரும் பிரார்த்தனை செய்வோம்' என்று மட்டும் குரூப்பில் எழுதியிருக்கிறார். அந்தக் குரூப்பில் அத்தானும் இருக்கிறார் என்பது பதற்றத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஆக, மனிதர் தனக்குத் தானே கும்பிடு போட்டுக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வந்தார். இளம் சீனப் பெண். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முகம் வாடிப்போய்விட்டது. தான் சொன்னது 'ஆன் தி மெண்ட்' என்றார். தட்டணுக்கள் ஏறத் தொடங்கிவிட்டன, தேறி வருகிறார், வந்து பாருங்கள் என்று நல்ல செய்தி சொல்லத்தான் கூப்பிட்டாராம்.

மெண்ட் — பழுது பார்ப்பது, கிழிந்ததைத் தைப்பது. அதுவும் தலையில்லாத சொல்தான். 'அமெண்ட்' என்று இருந்தது, 'அ' உதிர்ந்து 'மெண்ட்' ஆனது. மிச்சமிருந்ததில் ஓர் எழுத்தை எங்கள் அக்காவின் காது உதிர்த்துவிட்டது... 'எண்ட்'!

அக்காவுக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. கட்டிலையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் இங்கிலீஷை விட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மலாயில் சொன்னார்: "டியா மாக்கின் பாய்க், ஆன்ட்டி." அவருக்கு நன்றாகிக்கொண்டு வருகிறது. அவ்வளவுதான்.

அதைக் கேட்ட பிறகுதான் அக்கா அழுதாள். எண்ட் என்று நினைத்தபோது வராத அழுகை. அத்தான் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "நாந்தான் நல்லா இருக்கேன்லா..." என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் எனக்கு அந்தப் பாலத்துப் படபடப்பு இன்னும் முழுதாக அடங்கவில்லை. தப்பாகக் கேட்பது என்றால் ஏதோ இங்கிலீஷ் தெரியாதவர்கள் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா முப்பது வருஷம் ஆபீஸில் கிளார்க்காக இங்கிலீஷிலேயே குப்பை கொட்டியவள். அவளுக்கு 'மெண்ட்' தெரியாதா என்ன?

பயந்துபோன காது எதையும் கேட்பதில்லை... பயம் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதைத்தான் படிக்கிறது.