துடக்குக் காத்த கார்

எங்கள் கார் செத்தவீடுகளுக்கு ஒழுங்காகப் போகும், ஒழுங்காகத் திரும்பியும் வரும். மறுநாள் காலைதான் அசையாது.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று சாவுகள் தேவைப்பட்டன. கொஞ்சம் புத்தியுள்ளவன் இரண்டிலேயே பிடித்திருப்பான். நான் முதல் தடவை பற்றரியைக் குற்றம் சொன்னேன். இரண்டாம் தடவை பெற்றோல் செட்காரரைக் குற்றம் சொன்னேன். மூன்றாம் தடவை குற்றம் சொல்ல ஆள் கிடைக்காதபடியால்தான் யோசிக்க வேண்டி வந்தது.

உரும்பிராயில் கார் வைத்திருப்பவன் பாதி சாரதி, பாதி பொதுச்சொத்து. ஊரில் ஒருவர் கண்ணை மூடினால், "அண்ணை, உங்கடை காரை ஒருக்கா" என்று படலையில் ஆள் வந்து நிற்கும். உடுவிலில் இருந்து ஒரு மாமியையும், தொண்டைமானாற்றில் இருந்து முழங்கால் நோவுள்ள ஒரு சித்தப்பாவையும் ஏற்றி வந்து, எல்லாம் முடிந்தபின் திரும்பவும் கொண்டுபோய் விடவேண்டும். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. என்னுடைய செத்தவீட்டுக்கு யாரும் வராமல் விட்டால் என்ன செய்வது?

மறுநாள் திறப்பைத் திருகினால் எஞ்சின் கறகறவென்று சுற்றும், பிடிக்காது. கராஜுக்கு இழுத்துக்கொண்டு போவதற்குள் வெயில் ஏறிவிடும். மெக்கானிக் திறப்பைத் தொட்டதும் கார் புதுமாப்பிள்ளை போல எழும்பி நிற்கும்.

"அண்ணை, வீட்டிலை திறப்பை எந்தப் பக்கம் திருகினனீங்கள்?" என்று அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

இன்னொன்றும் இருந்தது. அந்தக் காலைகளில் இடப்பக்கப் பின்கண்ணாடியில் மட்டும் உட்பக்கமாகப் பனிபோலப் புகார் படிந்திருக்கும். மற்றக் கண்ணாடிகளெல்லாம் துப்புரவாக இருக்கும். இரவு முழுவதும் யாரோ அந்த மூலையில் இருந்து கண்ணாடியோடு முகத்தை வைத்து மூச்சு விட்டதுபோல.

வேறு காலமென்றால் இதையெல்லாம் கதையாக்கிச் சந்தியில் சொல்லிச் சிரித்திருப்பேன். ஆனால் அப்போது மகள் பிள்ளைப்பேற்றுக்கு எங்களிடம் வந்திருந்தாள். மாதம் ஏறிவிட்டது. மருமகன் வெளிநாட்டில். பின்னேரங்களில் தொலைபேசியில் முகத்தைக் காட்டி, "மாமா, ஒரு வான் சொல்லி வைப்பமோ?" என்று கேட்பார்.

"கார் நிக்கேக்கை வான் என்னத்துக்குத் தம்பி?" என்பேன் நான். பெருமை பேச அந்தக் காரைத் தவிர என்னிடம் வேறொன்றும் மிச்சம் இருக்கவில்லை.

பின்கதவின் சங்கதி தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒருநாள் காலை, ஸ்டாட் வராத கோபத்தில், பின்சீற்றில் கிடந்த குடையை எடுக்க இடப்பக்கக் கதவைத் திறந்தேன். குடையை எடுத்துக்கொண்டு கதவை அடித்துச் சாத்தினேன். திரும்பி வந்து திருகினால் கார் உடனே பிடித்தது. அடுத்த செத்தவீட்டுக்கு மறுநாளும் அப்படியே. விஞ்ஞான முறைப்படி மற்றக் கதவுகளையும் டிக்கியையும்கூடத் திறந்து சாத்திப் பார்த்தேன். பயனில்லை. அந்த ஒரு கதவுக்குத்தான் கார் மசிந்தது. நரைத்த மனிதன் ஒருவன் தன் காரைச் சுற்றிச் சுற்றி வந்து கதவு சாத்துவதைப் பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

மனைவியின் தம்பி கேட்டான். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களைத் திருத்துகிறவன். உலகத்தில் உள்ள யந்திரமெல்லாம் தண்ணீர்ப் பம்பின் உறவு என்பது அவனுடைய துணிபு.

"அத்தான், உங்கடை கார் தீட்டு, துடக்குக் காக்குது. செத்தவீட்டுக்குப் போனால் அடுத்தநாள் வெளிக்கிடாமல் இருக்கிறதுதானே முறை."

"அப்ப கதவு?"

அவன் சிரித்துக்கொண்டே, "அங்கையிருந்து ஆரும் ஏறி வந்திருப்பினம். இறக்கிவிட்டால்தானே கார் போகும்" என்றான்.

சொன்னபிறகு அவனும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. உச்சி வெயில். முற்றத்தில் ஒரு காகம்கூட இல்லை. இரண்டு பேரும் பின்சீற்றைப் பார்த்தோம். சீற்றின் இடப்பக்கம் கொஞ்சம் பதிந்துதான் இருந்தது. முழங்கால் நோவுச் சித்தப்பாவின் கைங்கரியமாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். பேயென்றாலும் நானென்றாலும் அவளுக்கு ஒரே மதிப்பு. "இந்தாளுக்குப் பெற்றோல் அடிக்க மறந்தாலும் பேய்தான்" என்று தம்பிக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கடைசியில் காரியத்தைக் கண்டுபிடித்ததும் அவள்தான். பிறக்கப்போகும் பிள்ளைக்காகச் சீற்றைக் கழுவவென்று பின்சீற்றைக் கிளப்பினாள். இடப்பக்கத்தில், சீற்றுக்குக் கீழே, பெற்றோல் பம்பின் வட்ட மூடி. அதன்மேல் ஒயர் செருகும் பிளக். பிளக் முழுவதும் பச்சையும் மஞ்சளுமாகப் பூத்துப்போய் இருந்தது.

"இதென்னப்பா மஞ்சள்?" என்று கேட்டேன்.

அவள் சீற்றைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள்.

செத்தவீட்டால் வந்தவுடன் நான் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகுவேன். அந்த நேரத்தில் அவள், பின்சீற்றில் செத்தவீட்டுச் சனம் இருந்து வந்ததென்று, மஞ்சள் தண்ணீரில் கல்லுப்பும் கரைத்து, இடப்பக்கக் கதவைத் திறந்து ஒரு செம்பு நிறைய ஊற்றிவிடுவாளாம். மஞ்சள் கிருமிநாசினி என்பது அவளுடைய விஞ்ஞானம். தண்ணீர் சீற்றால் இறங்கிப் பிளக்கை நனைக்கும். மறுநாள் பம்ப் இயங்காது. கண்ணாடியில் புகார் படியும். கதவை அடித்துச் சாத்தினால் அதிர்ச்சியில் பிளக் தொட்டுக்கொள்ளும். வெயிலில் காய்ந்தால் எல்லாம் சரி.

நான் விட்ட சிரிப்பில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நிப்பாட்டுங்கோ, எனக்கு இப்பவே பிறந்திடும்" என்றாள். மைத்துனன் பழைய பல்துலக்கியால் பிளக்கைத் தேய்த்து, ஒட்டும் ரேப் சுற்றினான். மனைவி இனித் தண்ணீர் ஊற்றுவதில்லை என்று ஒப்புக்கொண்டாள். அன்று மருமகனிடம் நான் பேசிய பேச்சைக் கேட்டிருந்தால், காரை நானே செய்தேன் என்று நினைத்திருப்பீர்கள்.

பிறகு பக்கத்து ஒழுங்கையில் ஒரு முதியவர் போய்விட்டார். நான் காரைக் கொடுத்தேன். திரும்பி வந்து கிணற்றடியில் நின்றபடியே, "ஊத்தேல்லைத்தானே?" என்று கேட்டேன். "இல்லையெண்டிறன்" என்றாள்.

மறுநாள் காலை மகளுக்கு வலி கண்டது. தண்ணீர்க்குடமும் உடைந்துவிட்டது. கைத்தாங்கலாகக் கூட்டி வந்து, பின்சீற்றின் இடப்பக்கத்தில் இருத்தினோம். மனைவி முன்னுக்கு ஏறினாள். நான் திறப்பைத் திருகினேன்.

கறகற.

இறங்கி ஓடிப்போய் இடப்பக்கக் கதவைத் திறந்து, மகளின் சேலைத் தலைப்பை உள்ளே தள்ளி, அடித்துச் சாத்தினேன். ஓடிவந்து திருகினேன். கறகற. திரும்பவும் போய்ச் சாத்தினேன். அப்போதுதான் கண்டேன். மகளின் முகத்துக்குப் பக்கத்துக் கண்ணாடியில் புகார் படிந்திருந்தது. அவள் ஏறுவதற்கு முன்பே படிந்திருந்ததா, அவள் மூச்சா, எனக்குத் தெரியாது. முதல்நாள் யாரும் தண்ணீர் ஊற்றியிருக்கவில்லை.

"அப்பா, ஏலாது" என்றாள் மகள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

சந்தி ஆட்டோக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். மருதனார்மடத்தில் நிற்கிறாராம், வரச் சுணங்குமாம். ஒரு பகிடியும் என் வாயில் வரவில்லை.

மனைவி இறங்கினாள். வலப்பக்கக் கதவைத் திறந்து மகளின் தோளைப் பிடித்து, "இஞ்சாலை வா பிள்ளை, மெள்ள, இந்தப் பக்கம்" என்று நகர்த்தி எடுத்தாள். இடப்பக்கம் வெறுமையானது. பிறகு சுற்றி வந்து, அந்தக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். விஞ்ஞானம் படிப்பித்த மனுசி. வெறும் சீற்றைப் பார்த்து, வீட்டுக்கு வந்த பெரிய மனிதரோடு கதைக்கும் குரலில் சொன்னாள்:

"குறை நினையாதேங்கோ. பிள்ளைக்கு அவசரம். இறங்குங்கோ."

ஒருவர் இறங்க எடுக்கும் நேரம் பொறுத்தாள். கதவைச் சாத்தினாள், மெதுவாக. நான் திருகினேன். கார் பிடித்தது.

சீற்றுக்குக் கீழே ஒயர் உள்ளுக்குள் அறுந்திருந்ததென்றும், பாரம் ஏறினால் விலகி, பாரம் குறைந்தால் தொடுமென்றும் கராஜில் பிறகு சொன்னார்கள். ஒயரை மாற்றியும் தந்தார்கள். அது பிறகு. அன்று ஆஸ்பத்திரி வரைக்கும் நான் எஞ்சின் சத்தத்தையே கேட்டபடி ஓட்டினேன். மனைவி முன்சீற்றில் இருந்து பின்னுக்குக் கையை நீட்டி மகளின் முழங்காலைப் பிடித்தபடி வந்தாள்.

பெட்டைப்பிள்ளை. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். மருமகன் தொலைபேசியில் அழுதார், நானும் அழுதேன், பிறகு இரண்டு பேரும் தடிமன், மூக்கடைப்பு என்று சொல்லிக்கொண்டோம்.

"சுடுதண்ணிப் போத்திலையும் பழஞ்சீலையையும் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று மனைவி என்னை வீட்டுக்கு அனுப்பினாள். கார் முதல் திருகலிலேயே பிடித்தது. கதவு திறக்கத் தேவைப்படவில்லை. சீற்றில் யாரும் இல்லை என்ற தைரியத்தில் பாட்டுக்கூட முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் படலையடியில் வந்து நிறுத்தியபோதுதான் அந்த யோசனை வந்தது. அவரை நாங்கள் இங்கேதானே இறக்கிவிட்டோம்.

அவரை மட்டுமா? அதற்கு முன்னர் வந்தவர்களையும், ஒவ்வொரு தடவையும் நானே என் கையால் கதவைத் திறந்து, இதே படலையடியில்தான் இறக்கிவிட்டிருக்கிறேன். ஒருவரையும் திரும்ப ஏற்றியதில்லை.

முற்றம் கூட்டியபடி கிடந்தது. பூவரசம் இலைகூட ஆடவில்லை. வீட்டுக்கதவு நாங்கள் ஓடிய அவசரத்தில் திறந்தே கிடந்தது. எஞ்சினை நிறுத்த மனம் வராமல் கொஞ்சநேரம் இருந்தேன். இன்னும் சில நாளில் அந்தப் பிள்ளையை இந்த வாசலால்தான் கொண்டு போகவேண்டும்.

கடைசியில் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினேன். பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். படலையைப் பிடித்துக்கொண்டு, முற்றத்தைப் பார்த்து, கேட்கக்கூடிய குரலிலேயே சொன்னேன்:

"எங்கடை மகளுக்குப் பெட்டைப்பிள்ளை பிறந்திருக்கு. வெள்ளிக்கிழமை அளவிலை வீட்டை வருகினம். நீங்கள் நிக்கிறதெண்டால் நில்லுங்கோ. பிள்ளை நித்திரை கொள்ளேக்கை மட்டும் சத்தம் போடாதேங்கோ."