மிக்கேல் சொல்லாத வாக்கியம்

என் மேசையில், கணினித் திரைக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவில் ஒரு டிராகன் இருக்கிறது. மீன் வலையில் கட்டும் மிதவையைப் பேனாக்கத்தியால் செதுக்கிச் செய்தது. ஆரஞ்சு நிறம் வெளுத்துவிட்டது. கண்களுக்குச் சிவப்பு நகப்பூச்சு. மனைவியிடம் கேட்காமல் எடுத்து வைத்ததாகச் செய்தவர் சொல்லியிருக்கிறார். வலைக்கயிறு கோக்கும் துளை அதன் வயிற்றில் அப்படியே இருக்கிறது. அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்து, "ஓணானா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றுவிடுவேன். விளக்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை.

செய்தவர் எங்கள் லீட். மென்பொருள் சோதிக்கும் குழுவில் நான் சேர்ந்தபோது அதன் தலைவராக இருந்தவர். பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய குப்பத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகியும் அங்கேயே இருந்தார். வாடிக்கையாளரிடம் பேசும்போது ஒரு மொழி, எங்களிடம் ஒரு மொழி. நான் எழுதிய முதல் சோதனைத் திட்டத்தைப் படித்துவிட்டு அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "எப்போ உடையும்னு மட்டும் பாத்துக்கினு கீறியே. உடைஞ்சா யாருக்கு இன்னா போய்ச் சேருது? அத்த யாரு பாக்கறது?" ஒரு சர்வர் செத்தால் அதன் வேலை எதனிடம் போகிறது, எது போகாமல் தொலைகிறது என்பதை நான் அதற்குப் பிறகுதான் சோதிக்கத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மந்தைவெளியில் ஓர் அக்காவின் வீட்டில் கூடுவோம். அக்கா மயிலாப்பூரிலேயே தலைமுறைகளாக இருக்கும் குடும்பம். எங்கள் அலுவலகத்தில் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொண்டவர். நாங்கள் ஆடியது தாளும் பென்சிலும் இருபது முகப் பகடையும் வைத்து ஆடும் கதை விளையாட்டு. அக்கா ஓர் உலகத்தைச் சொல்லிக்கொண்டே போவார். மற்ற மூவரும் அதில் ஆளுக்கொரு டிராகன் வீரர். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும், நடக்கிறதா இல்லையா என்று பகடை சொல்லும். மூன்றாவது ஆள் தி. நகர்ப் பையன் ஒருவன். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன், வாய் ஓயாதவன்.

லீட் தன் வீரனுக்கு மிக்கேல் என்று பெயர் வைத்தார். "எங்க சர்ச்சுல மிக்கேல் சம்மனசு, தேவதூதரு, டிராகன் மேல கால வெச்சி மிதிச்சிக்கினு நிப்பாரு. நம்மாளு அது மேல ஏறி ஒக்காந்துக்கினு போவாரு" என்றார். டிராகனுக்குப் பெயர் கொடுவா. மீன் பெயரா என்று நான் கேட்டதற்கு, "பின்ன, டாமின்னு வெக்கச் சொல்றியா?" என்றார்.

அக்காவின் உலகத்தில் ஒரு விதி உண்டு. வீரனின் உயிர்ப் புள்ளி பூஜ்யம் ஆனால் அவன் விழுவான். விழுந்தவனைக் காப்பாற்ற மற்றவர்களுக்கு முதலில் ஒரு வாய்ப்பு. மருந்துக் குப்பியை ஊற்றினால் ஒரு புள்ளி உயிரோடு எழுந்துவிடுவான். யாரும் ஊற்றாவிட்டால், இறப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியம் பேசலாம். தன் டிராகன் யாருக்கு என்பதை அதில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போனால் டிராகன் மலைக்குப் பறந்துவிடும், பிறகு யார் கூப்பிட்டாலும் வராது. அந்த வாக்கியத்தை அந்த வீரனை ஆடுகிறவர்தான் சொல்லலாம். இந்த விதி லீடுக்கு மிகவும் பிடித்திருந்தது. சொத்து விவகாரமெல்லாம் இப்படி ஒரே வரியில் முடிந்தால் கோர்ட்டுக்கே வேலை இருக்காது என்பார்.

கணையத்தில் புற்றுநோய் வந்திருக்கிறது என்று தெரிந்த பிறகும் ஞாயிறுகளில் வருவதை அவர் நிறுத்தவில்லை. அலுவலகத்துக்கு வருவது நின்றது, இது நிற்கவில்லை. சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. அக்கா ரசம் சாதத்தைக் கரைத்துக் கொடுப்பார், இரண்டு வாய் சாப்பிடுவார். நோயைப் பற்றி யாரும் பேச மாட்டோம், அவரும் பேச மாட்டார். ஆனால் மிக்கேலின் ஆட்டம் மாறியது. அதுவரை எதையும் சுற்றிப் போய்ப் பார்க்கிறவன், இப்போது தீ உமிழும் குகைக்குள் முதல் ஆளாக நுழைந்தான். ஒரு ஞாயிறு நெற்றியைத் தட்டிக் காட்டி, "வாக்கியம் ரெடி" என்றார். நாங்கள் சிரித்தோம்.

"உயிர் பூஜ்யம். மிக்கேல் விழுந்துட்டான். யாராவது காப்பாத்தறேளா?" என்று அக்கா கேட்டு முடிக்கும் முன்பே தி. நகர்ப் பையன் குப்பியை ஊற்றினான். "அண்ணே, நீங்க போய்ட்டா கொடுவாவுக்கு யாரு தீனி போடறது? எங்களயே துன்னுடும்" என்றான். அடுத்த ஞாயிறு அவர் மறுபடியும் குகைக்குள் போனார், விழுந்தார். அவன் மறுபடியும் ஊற்றினான். அதற்கடுத்த ஞாயிறு அவனிடம் மருந்து தீர்ந்திருந்தது. என் வீராங்கனையின் பையில் இருந்தவை: கயிறு, விளக்கு, உப்பு, ஒரு குப்பி. குப்பியை ஊற்றினேன். லீட் பகடையைக் கீழே வைத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். "டேய், ஒரு மனுசன ஒழுங்கா சாவ வுட மாட்டீங்களாடா?" என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டதால் நாங்களும் சிரித்தோம். அக்கா மிக்கேலின் தாளில் பூஜ்யத்தை அழித்து ஒன்று என்று எழுதினார். கிளம்பும்போது லீட், கொடுவா என்று தான் செதுக்கி ஆட்டத்துக்குக் கொண்டுவரும் மிதவை டிராகனை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார். அதை அக்கா குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்தார், அடுத்த வாரம் தரலாம் என்று.

அடுத்த வாரம் நாங்கள் மூவரும் குப்பத்துக்குப் போனோம். வீட்டு வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், அலுவலகத்திலிருந்து வந்த மலர்வளையம். அவருடைய மனைவி என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். அழுது முடித்த குரலில், மிகவும் நிதானமாகக் கேட்டார். "ஞாயித்துக்கிழமையானா அங்கதானம்மா வருவாரு. அங்க எதுனா சொன்னாரா? எங்க கையில ஒண்ணும் சொல்லல. ஒண்ணு சொல்லணும், ஒண்ணு சொல்லணும்னே இருந்தாரு. சரி சொல்லுன்னா, மூஞ்ச பாத்துட்டு வாய மூடிப்பாரு. நாளிக்கு சொல்றேன்னுட்டே போய்ட்டாரு."

எங்களிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது உண்மைதான். வீட்டில் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு அவரால் பேச முடியவில்லை. பேச இடம் இருந்தது ஒரே ஒரு மேசையில்தான். அங்கே ஒருவர் விழுந்தால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அவர் பேசுவதைக் கேட்க வேண்டும் என்று விதியே இருந்தது. அவர் அதற்காகத்தான் வந்தார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. எத்தனை முறை யோசித்தாலும் வேறு காரணமும் கிடைக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த ஞாயிறு, மந்தைவெளியில் மூவரும் உட்கார்ந்தோம். "முடிச்சு வெச்சிடலாம்க்கா. மிக்கேலுக்கு நான் உருட்டுறேன்" என்றான் பையன். அக்கா வெகுநேரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். குகை, தீ, பகடை. குறைந்த எண்தான் விழுந்தது. "மிக்கேல் விழுந்துட்டான். யாராவது காப்பாத்தறேளா?" பழக்கத்தில் கேட்டுவிட்டார். யாரும் அசையவில்லை. "சரி, பேசலாம்" என்றார்.

பையன் லீடின் குரலில் தொடங்கினான். "கொடுவாவ..." அதற்கு மேல் வரவில்லை. எப்போதும் ஓயாத வாய் அது. நான் மனத்துக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். எனக்கு என்று சொல்லியிருப்பாரா, அவனுக்கா, யாருக்கும் வேண்டாம் கடலில் விடு என்றா? அல்லது அது டிராகனைப் பற்றிய வாக்கியமே இல்லையா, எங்கள் வழியாக அந்த வீட்டுக்குப் போக வேண்டிய ஒன்றா? ஒவ்வொன்றும் அவர் சொல்லக்கூடியதுதான். எதுவும் அவர் சொன்னது அல்ல. கீழே ஒரு ஆட்டோ நீண்ட நேரம் ஹாரன் அடித்தது. அக்கா அழிப்பானை எடுத்தார். பூஜ்யத்தை அழித்து ஒன்று என்று எழுதினார். "அவன் சொல்லலை. நாம சொல்லப்படாது" என்றார். அவ்வளவுதான், நான்காவது முறையாகவும் காப்பாற்றிவிட்டோம்.

அதற்குப் பிறகு ஆடவில்லை. அக்கா வீட்டைக் காலி செய்துகொண்டு பெங்களூர் போனபோது, டிராகனைச் செய்தித்தாளில் சுற்றி என்னிடம் தந்தார். அதற்கு முன்பே லீடின் மனைவியிடம் கொடுக்கப் போயிருந்தார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நகப்பூச்சைத் தடவி, இது உங்க ஆட்டத்துதுதானே என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "உனக்குன்னு குடுக்கலை, தெரியறதா? உன்கிட்ட இருக்கட்டும்" என்றார் அக்கா. தெரிந்தது. சர்வர் செத்தபின் எதனிடமும் போய்ச் சேராமல் நிற்கும் கோரிக்கைகளை நான் தினமும் பார்க்கிறேன். அவை பிழை என்றுகூடப் பதிவாகாது. காத்திருப்பு என்றுதான் திரையில் வரும்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் அதை எடுத்தாள். வயிற்றிலிருந்த துளை வழியாக ஒரு கண்ணை மூடி என்னைப் பார்த்தாள். ஓணானா என்று கேட்கவில்லை. "அழகா இருக்கே, இது யாரோடதுக்கா?" என்றாள்.

தெரியவில்லை என்றேன்.