விசிலடித்தவர்கள் முகத்தில் வெளிச்சம்

சிவாஜிநகரில் ஒரு தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டும் அம்மா அவர். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, சிவப்புக் கல் மூக்குத்தி. நடக்கும்போது நாலு எட்டுக்கு ஒருமுறை டார்ச்சை உள்ளங்கையில் தட்டிக்கொள்வார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மேட்னி ஷோ. நான் வயசுக்கு வந்து, சடங்கெல்லாம் முடிந்து, அம்மாவோடு போன முதல் படம். அதிலும் ஒரு பெண் வயசுக்கு வந்தாள். உடனே பாட்டு, மழை, நனைந்த தாவணி. கேமரா அவளை மேலும் கீழுமாக மேய்ந்தது. முன்வரிசையில் விசில் பறந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டார்ச்சோடு அவர் விறுவிறுவென்று முன்னால் போய், விசிலடித்த ஒவ்வொருவன் முகத்திலும் வெளிச்சத்தை அடித்தார். “எதுக்குடா விசிலு? வயித்து வலியில சுருண்டு கெடக்கற வயசுடா அது. உங்க வூட்டுப் பொண்ணுக்கும் இப்டித்தான் விசிலடிச்சீங்களா?”

மேனேஜர் ஓடி வந்தார். “கலாட்டா பேடம்மா, வேணாம்! டிக்கெட் வாங்கி வந்தவங்க அவங்க.”

“டிக்கெட்டு படம் பாக்கத்தான் சார். என்னை வேலைய விட்டு அனுப்பறதுன்னா அனுப்பிக்கோ.”

விசில் நின்றது. திரும்பி வரும்போது என் பக்கம் குனிந்தார். “தலைய தூக்கு கண்ணு. சினிமாக்காரன் கெடக்கறான். நீ வயசுக்கு வந்தப்ப ஒனக்கு எப்டி இருந்துச்சு?”

“வயிறு வலிச்சுது. பயமா இருந்துது” என்றேன். அம்மா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சடங்கில் மாலை போட்டார்கள், புட்டு ஊட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். ஆனால் இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அந்த இருட்டில் என்னை அவர் எப்படிக் கண்டுகொண்டார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.