கையில்லாத அம்மனும் குடோன் உத்தியோகமும்

கொரோனா ஊரடங்கில் புதுச்சேரியில் எல்லாக் கோயிலும் சாத்திக் கிடந்தன. எனக்கு மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் தரிசனம் கிடைத்தது. நான் மியூசியத்தில் காவலாள். கல்சிலைக் கூடம் என் பொறுப்பு. ஆள் வராவிட்டாலும் தூசி வருமே, அதைத் துடைக்க நாங்கள் சிலர் போய்க்கொண்டிருந்தோம்.

அந்தக் கூடத்தில் ஓர் அம்மன் உண்டு. எந்தக் காலத்திலோ ஏதோ வயலில் தோண்டி எடுத்தது. இரண்டு கையும் மணிக்கட்டோடு போய்விட்டன. பின்னமான சிலைக்குப் பூசை கிடையாது, எனக்கும் தெரியும். ஆனாலும் காலில் ஆரம்பித்துத்தான் முகத்துக்குத் துடைத்துக்கொண்டு போவேன். எடுத்தவுடன் முகத்தில் துணியைப் போட மனசு வராது.

மூலக்குளத்தில் எங்கள் தெருவுக்கு இது தெரிந்துபோனது. காலையில் சைக்கிளை எடுத்தால் வாசலுக்கு வாசல் நிறுத்தி, அம்மனிடம் சொல்லச் சொன்னார்கள். டீக்கடைக்காரர் கடை திறக்க வேண்டும் என்றார். எதிர்வீட்டு வேதக்கார அம்மாவுக்குப் பிரான்சிலிருந்து மகன் வர விமானம் விட வேண்டும்.

"உங்க மாதா இருக்காங்களேம்மா?"

"எங்க கோயிலும் பூட்டிக் கெடக்குதேப்பா. அவங்களும் இவங்களும் பேசிக்காமயா இருப்பாங்க? சொல்லி வையி."

டீக்கடைக்காரருக்கு ஒரு சந்தேகம். "கையே இல்லாத சாமி எப்படிண்ணே குடுக்கும்?"

"கேக்கறதுக்குக் காது இருக்குதில்ல?" என்று என் மனைவி அவர் வாயை அடைத்தாள்.

அவள் தன்னுடைய வேண்டுதலை மட்டும் சொல்லவே மாட்டாள். "'எம் பொண்டாட்டி கேட்டதக் குடு'ன்னு சொல்லுங்க, போதும். அம்மனுக்குத் தெரியும்." நானும் போன நாளெல்லாம் அதைத்தான் முதலில் சொன்னேன். வீட்டில் இருக்க வேண்டுமே.

டீக்கடை திறந்தது. விமானம் விட்டார்கள். மியூசியமும் திறந்தது, ஆள்தான் வரவில்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். என் வேலையே "தொடாதீங்க" என்று சத்தம் போடுவதுதான். கதவையே முழங்கையால் தள்ளுகிறவர்களிடம் அதை எப்படிச் சொல்வது? தொண்டைக்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று, ஒருநாள் அம்மன் மேல் ஏறிய பல்லியைப் பார்த்துச் சொன்னேன். எங்கள் அதிகாரி மேடம் பின்னால் நின்றிருந்தார்.

"இந்தக் கூடத்துக்கு இனி ஆள் வேண்டாம்னு தோணுது. அடுத்த வாரத்துலேர்ந்து பின்னால குடோன்ல உக்காந்துக்குங்க. ஈ காக்கா வராது, நிம்மதியா இருக்கலாம்."

அம்மனை விட்டுவிட்டு உடைந்த நாற்காலிகளோடு என்ன நிம்மதி? அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ, குடுத்துட்டாளே!"

"இன்னாத்த?"

"நாலு பேரு மூச்சு மேல படாத எடமா உங்கள உக்கார வையின்னுதான் வேண்டிக்கிட்டேன். குடோனுன்னு நான் கேக்கலீங்க!"

என் மாற்றலுக்கு நானே தவறாமல் மனு கொடுத்திருக்கிறேன். அதுவும் ஊரார் மனுவுக்கெல்லாம் முந்தி.

"குடுத்தத நேர்ல போயித்தான் திருப்பிக் குடுக்கணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பலித்த வேண்டுதலுக்குக் கும்பிடு போடத் தெருவே கூட வந்தது. எல்லோரும் மாஸ்க் போட்டு, டிக்கெட் வாங்கி, படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். டீக்கடைக்காரர் கையிலிருந்த தேங்காயை வாசலிலேயே பிடுங்கி வைத்தேன். இத்தனை கூட்டமா என்று மேடம் எழுந்து வந்தார்.

மனைவி அம்மன் முன்னால் நின்று சத்தமாகவே சொன்னாள். "தாயே, புத்தி கெட்டுக் கேட்டுட்டேன். குடுத்தத நீயே வச்சிக்க. அவரு இங்கியே இருக்கட்டும். மாஸ்கு நான் பாத்துப் போட்டு அனுப்பறேன்." சொல்லிவிட்டுப் பழக்கத்தில் காலைத் தொடக் குனிந்தாள்.

"தொடாதீங்க!"

எத்தனை மாதத்துச் சத்தமோ, கூடமே அதிர்ந்தது. கட்டியவளுக்கு நான் மரியாதை கொடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. குனிந்தவள் காற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்னால் வந்த அத்தனை பேரும் அதேபோல் காற்றைத் தொட்டுக் கும்பிட்டார்கள். வேதக்கார அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

மேடம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "இவங்க மறுபடியும் வருவாங்களா?"

"கஷ்டம் இருக்கற வரைக்கும் வருவாங்க மேடம்."

"அப்ப குடோனுக்கு நீங்க போக வேணாம். இவங்கள வேற யாராலயும் சமாளிக்க முடியாது. தேங்காய மட்டும் உள்ள விட்டுடாதீங்க."

திரும்பும்போது பஸ்ஸில் டீக்கடைக்காரர், "கையில்லாத சாமின்னு நான் சொன்னது தப்புதாண்ணே" என்றார்.

என் மனைவி முன்சீட்டிலிருந்து திரும்பினாள். "குடுக்கவும் தெரியுது, குடுத்ததத் திருப்பி வாங்கிக்கவும் தெரியுது. அப்புறம் கை எதுக்குத் தம்பி?"