கமிட்டிக்குத் தொறந்த வழி

எங்க அக்கா கல்குட்டையில விழுந்து செத்துப் போச்சு. அது விழுந்த வழிய வெட்னதே அக்கா தான். யார் கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேன்றாங்க. எனக்கே இன்னும் நம்ப முடியல.

எங்க வூடு தாம்பரத்துக்குப் பக்கத்துல, மலைய ஒட்டி கீது. வெடி வச்சு கல்லு எடுத்து எடுத்து பெரிய பள்ளமா வுட்டுட்டுப் பூட்டாங்க. மழத்தண்ணி நின்னு குட்டை ஆயிடுச்சு. ஆழம் எவ்ளோன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. தோல் பதப்படுத்தற ஷாப்பு கழிவையும் லாரில கொணாந்து அதுல தான் கொட்டுவாங்க. நாத்தம் கொடல பொரட்டும். பசங்க போய் விழுந்துடப் போவுதுன்னு தெருவே சேந்து வேலிகாத்தான் முள்ளு வெட்டி, சுத்தி ஆள் உசரத்துக்கு அடைச்சு வச்சிருந்தோம். காஞ்சா திரும்ப புதுசு வெட்டிப் போடுவோம்.

ஒரு நாள் டவுன் பஞ்சாயத்து ஆளு வந்து, சுற்றுச்சூழல் ஆலோசனைக் குழு குட்டைய பாக்க வருதுன்னு சொல்ட்டுப் போனான். அந்தப் பேரு எங்க வாயில நுழையல. கமிட்டின்னு வச்சுக்கினோம்.

"கமிட்டின்னா இன்னாடி பண்ணுவாங்க?"ன்னு அம்மா கேட்டுச்சு.

"சுவர் கட்ட வராங்கம்மா. கவர்மெண்டு"ன்னு அக்கா சொல்லிச்சு.

அக்கா எக்ஸ்போர்ட் கம்பெனில சட்டைக்கு காலர் தைக்கும். அன்னிக்கு லீவு. பேண்ட்டு போட்ட சார்ங்க முள்ளுல மாட்டிக்கப் போறாங்கன்னு, அருவா எடுத்துகினு போய் ரெண்டு ஆள் நடக்கற அளவுக்கு வேலிய வெட்டிச்சு. ஓரத்துல பள்ளமா இருந்த எடத்துல மண்ணு கொட்டி, மிதிச்சு, சமன் பண்ணிச்சு. தொடப்பம் போட்டு பெருக்க வேற பெருக்கிச்சு.

பக்கத்து வூட்டு அண்ணன் பாத்துட்டு, "இன்னாம்மா, பொண்ணு பாக்க வராங்களா? கோலமும் போட்டுடு"ன்னு ஓட்னாரு.

"போட்டா இன்னாண்ணா? சுவர் வந்தா உன் ஆடு தான் மொத பொழைக்கும்."

கமிட்டி வந்துச்சு. காலேஜ்ல வேலை பாத்து ரிட்டயர்டான பெரிய சார் ஒருத்தரு, ஒரு டாக்டரம்மா, இன்னும் ரெண்டு பேரு. கர்ச்சீப்ப மூக்குல வச்சுகினு ஓரம் வரைக்கும் போய் பாத்தாங்க. "சுவர் கண்டிப்பா வேணும். எழுதிடறோம்மா"ன்னு பெரிய சார் அக்கா கிட்ட சொன்னாரு. நாங்க செங்கல் லாரி வரும்னு பாத்துகினு இருந்தோம். சுவரே வரப் போவுது, முள்ள எதுக்கு திரும்ப அடைக்கணும்னு அப்டியே வுட்டோம்.

அப்புறம் ஸ்டேஷனுக்கு சுத்திப் போறவங்கல்லாம், அந்தப் பக்க முள்ளயும் ஒதுக்கிட்டு, குட்டை ஓரமா அதுலயே போக ஆரம்பிச்சாங்க. கமிட்டி வழின்னு பேரே வந்துடுச்சு.

ஐப்பசி மழைல குட்டை ரொம்பி, தண்ணி வழி பக்கத்துக்கே வந்துடுச்சு. ஒரு சாயங்காலம் கரண்ட் இல்ல. அக்கா வேலை முடிச்சு ட்ரெயின்ல வந்து எறங்கி அந்த வழியா வந்துச்சு. டிபன் பாக்ஸ் பை தான் மொத மெதந்துது. அக்கா போட்டு மிதிச்ச மண்ணு தான் சரிஞ்சிருந்துது. நான் நின்னு அதையே பாத்துகினு இருந்தேன். அழுகை வரல.

காரியம் முடிஞ்சதும் பக்கத்து வூட்டு அண்ணன இட்டுகினு பஞ்சாயத்து ஆபீஸ் போனேன். யாரையாவது நாக்க புடுங்கற மாதிரி கேக்கணும்னு தான் போனேன். கமிட்டி உக்காந்திருந்துது. என்ன பாத்ததும் பெரிய சார் எழுந்து நின்னுட்டாரு.

"நாங்க சொல்லிட்டோம்மா. சுவர் வேணும், கழிவு கொட்றத நிறுத்தணும்னு ரெண்டு தடவை சொன்னோம். பஞ்சாயத்து போர்டு எடுத்துக்கல."

"நீங்க கட்ட மாட்டீங்களா?"

"எங்களுக்கு அந்த அதிகாரம் இல்லம்மா. யோசனை சொல்றது மட்டும் தான் எங்க வேலை. செய்யறதும் செய்யாததும் போர்டு கைல."

"யோசனை சொல்றதுக்கா சார் அவ்ளோ கிட்ட வந்து பாத்தீங்க?"

"பாக்காம எப்படிம்மா சொல்ல முடியும்?"

அதுவும் நியாயம் தான். அதான் என்னால தாங்கவே முடியல. திட்றதுக்கு ஆள் இல்ல அங்க.

"சொல்றது மட்டும் தான், கட்ட மாட்டோம்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, முள்ள திரும்ப அடைச்சிருப்போமே சார்"ன்னேன்.

அவரு உக்காந்துட்டாரு.

வந்து அன்னிக்கே முள்ளு வெட்டி வழிய அடைச்சோம். அம்மாவும் வெட்டிச்சு. கை எல்லாம் ரத்தம்.

உயிர் போனதுக்கு அப்புறம் போர்டு திரும்ப பாத்து சொல்லச் சொல்லிச்சாம். அதே கமிட்டி போன வாரம் வந்துச்சு. கூட வந்த ஒரு சார், "கொஞ்சம் ஒதுக்கி வுட்டா கிட்ட போய் பாத்துடுவோம்"ன்னாரு. பக்கத்து வூட்டு அண்ணன் முள்ள வெட்ட அருவாளோட நவுந்துட்டாரு. நான் போய் அத புடுங்கிகினேன்.

"இங்க இருந்தே பாருங்க சார்."

பெரிய சார் முள்ளுக்கு கிட்ட வந்து, கண்ணாடிய சரி பண்ணிகினு, சந்துல பாத்தாரு. சட்டைக் கை மாட்டிகிச்சு. அவரே மெதுவா எடுத்து வுட்டுகினாரு.

"தெரியுதும்மா"ன்னாரு.

சுவர் இன்னும் வரல. போட்ட முள்ளு காஞ்சுகினு வருது. இந்த ஞாயித்துக்கெழம புதுசு வெட்டணும்.