நீலத் தண்ணியும் ஒரு கழி பட்டும்

எங்கள் தெரு முனையில் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வீடு வந்து நின்றது.

வீடுதான். நாலு சக்கரம் வைத்த வீடு. ஹெலன் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் அவள் புருஷனும் எங்கோ சீமையிலிருந்து அதை ஓட்டிக்கொண்டே காஞ்சிபுரம் வந்திருக்கிறார்கள். கோயிலெல்லாம் பார்த்துவிட்டுக் கிளம்புகிற நேரத்தில் வண்டிக்கு அடியில் ஏதோ முறிந்துவிட்டது. சாமான் பம்பாயிலிருந்து வர வேண்டுமாம். அதுவரை எங்கள் வீட்டை ஒட்டின புளியமரத்தடியில் குடித்தனம்.

தெருவே திரண்டு போய் எட்டிப் பார்த்தது. உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்க் குழாய்... ஒரு அலமாரிக் கதவைத் திறந்தால் — கக்கூஸ்!

"அய்யய்யோ, சோறாக்கற எடத்துக்குப் பக்கத்துலயா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களில் பாதிப் பேர் வீட்டில் கக்கூசே கிடையாது. எங்கள் வீட்டிலும்தான். விடியுமுன் சொம்பை எடுத்துக்கொண்டு வேகவதிக் கரைக்குப் போய் வருகிற ஜனங்கள், வண்டிக்காரியின் சுத்தத்தைப் பற்றிப் பேசினார்கள். பேச்சுக்கு என்ன, வரியா போடுகிறார்கள்?

என் முழங்கால் கதையை வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்காது. ஆற்றங்கரையில் எருக்கஞ்செடியைப் பிடித்துக்கொண்டு நான் எழுந்திருக்கும் அழகை யாரும் பார்க்காததால் மானம் தப்பியது. ஹெலன் பார்த்துவிட்டாள். ஆற்றங்கரையில் இல்லை — போகிற வழியில். தடியும் சொம்புமாக நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து வண்டிக்குள் கூட்டிக்கொண்டு போய் அந்த அலமாரிக் கதவைத் திறந்துவிட்டாள்.

நாற்காலி மாதிரி உட்கார வேண்டும். நாற்காலி மாதிரியே எழுந்துவிடலாம்! இவ்வளவுதானா விஷயம்? இதற்காகவா இத்தனை வருஷம் எருக்கஞ்செடியோடு மல்லுக்கட்டினேன்?

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். வீட்டில் என் மருமகள் விஜயாவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் டீச்சர். ஹெலனோடு இங்கிலீஷில் பேசக்கூடிய ஒரே ஆள் எங்கள் தெருவில் அவள்தான்.

இந்தச் சொர்க்கத்துக்கு ஒரு குறை. உட்காருகிற இடத்துக்கு அடியில் ஒரு வாளி. வாளியில் ஒரு நீல மருந்து. அதுதான் நாற்றத்தை அமுக்கி வைக்கும். வாளி நிறைந்தால் ஹெலன் புருஷன் ஊருக்கு வெளியே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வருவார். அந்த மருந்து தீர்ந்துகொண்டே வந்தது. காஞ்சிபுரத்தில் எந்தக் கடையில் கிடைக்கும்?

இங்கேதான் ஏகாம்பரம் வருகிறார். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். தெருவுக்குப் பெரியவர். சொந்தச் சாயப் பட்டறை, நிறையத் தறி. காலையில் எங்கள் தெருவில் பாவு நீட்டுவார்கள் — புடவைக்கு நீளவாட்டில் ஓடும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரி பார்ப்பது. அந்த வண்டி நின்றதால் ஏகாம்பரத்தின் பாவுக்கு இடம் குறைந்தது. அதைச் சொன்னால் சின்னத்தனம். அதனால் வேறொன்றைச் சொன்னார்.

"பட்டு இன்னா சாதாரண நூலா? வாசனைய இழுத்து வச்சிக்கும்பா! ஒரு நாள்... ஒரே ஒரு நாள் அந்த வண்டிலேர்ந்து நாத்தம் வந்துச்சோ, ஆளுங்கள வச்சி ஆத்துக்குத் தள்ளிடுவேன். சொல்லிட்டேன்!"

வண்டி ஆற்றுக்குப் போனால் என் கதி? நானும் ஆற்றுக்குத்தான்.

நீலத்துக்குப் பதில் மலிவாக என்ன ஊற்றலாம் என்று தெருவே யோசனை சொல்ல ஆரம்பித்தது. கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாகப் பேசி நான் கேட்டதில்லை. முதலில் பிளீச்சிங் பவுடர். கிணற்றுக்குப் போடுகிற கணக்கில் அள்ளிப் போட்டுவிட்டார் ஹெலன் புருஷன். உள்ளே போனவர் இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்து புளியமரத்தைக் கட்டிக்கொண்டார். அடுத்தது பினாயில். "ஆஸ்பத்திரியில் படுத்துத் தூங்குகிற மாதிரி இருக்கிறது" என்றாளாம் ஹெலன். எதிர்வீட்டம்மா சாம்பிராணி கொடுத்தாள். மூடின வண்டிக்குள் சாம்பிராணி போட்டால் என்ன ஆகும்? ஜன்னல் வழியாகப் புகை கிளம்ப, வண்டி பற்றிக்கொண்டது என்று நாலு பேர் குடத்தோடு ஓடி வந்து, படுக்கை மேல் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனார்கள்.

கடைசியில் விஜயா போய்க் கேட்டபோது மருந்துக் கடைக்காரர், "அந்த நீலத்தையே கொண்டாங்கம்மா. பாத்து, அது மாரியே ஒண்ணு எடுத்துத் தரேன்" என்றார்.

மறுநாள் விஜயா பள்ளிக்கூடம் போய்விட்டாள். ஹெலன் மிச்சமிருந்த நீலத்தை ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி என்னிடம் கொடுத்தாள். முந்தானையில் மூடிக்கொண்டுதான் நடந்தேன். ஏகாம்பரத்தின் சாயப் பட்டறையைத் தாண்டாமல் கடைத் தெருவுக்குப் போக முடியாது.

"இன்னா அண்ணி, முந்தானில இன்னாத்த மறைச்சி எடுத்துக்கினு போற?"

ஆண்கள் எதிரே நான் வாய் திறந்து இந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. அதிலும் அந்தச் சொல்லையா சொல்வேன்? முந்தானையை விலக்கினேன். அவர் பாட்டிலை வாங்கி வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"வெள்ளைக்காரி குட்தாளா?"

தலையை ஆட்டினேன்.

"சாயமா?"

தலையை ஆட்டவில்லை. ஆட்டாமலும் இல்லை. வெட்கத்தில் அது என்ன பண்ணியது என்று எனக்கே தெரியவில்லை. அவர் ஒரு சொட்டை விரலில் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"மருந்து வாசன அடிக்குது. ஒசத்தி சரக்கு! எவ்ளோ நாளா சொல்லிக்கினு இருக்கேன், சீமைல சாயம்னா அது சாயம்."

நான் "தம்பி..." என்பதற்குள் பாட்டில் மொத்தமும் கொதிக்கிற சட்டியில். அதன் பின்னாலேயே ஒரு கழி, அதாவது ஒரு கட்டு, வெள்ளைப் பட்டு நூல். தூக்கினால் — பொய் சொல்லக் கூடாது — அப்படி ஒரு நீலம்! மயில் கழுத்தில்கூடக் கிடையாது.

"இந்த மாரி நீலம் நம்மூர்ல எவங்கிட்டயும் இல்ல அண்ணி!"

இருக்காதுதான்.

வெறும் கையோடு வீடு திரும்பினேன். வெட்கத்தில், நடந்ததை விஜயாவிடம்கூடச் சொல்லவில்லை. மருந்துக் கடையில் காட்ட ஒன்றுமில்லை. வாளியில் ஊற்றவும் ஒன்றுமில்லை. இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் காலை காற்று திரும்பி அடித்தது.

பாவு நீட்டிக்கொண்டிருந்த ஏகாம்பரம் அப்படியே போட்டுவிட்டு வந்தார். பின்னால் எட்டுப் பத்து ஆட்கள்.

"நாறுது! நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா? பட்டு வாசனைய இழுத்துக்கும்! தள்ளுங்கடா வண்டிய!"

சத்தம் கேட்டு ஹெலன் வெளியே வந்தாள். ஆட்களைப் பார்த்துப் பயந்தவள், சட்டென்று எதிரே பட்டறை வாசலைப் பார்த்தாள். மூங்கில் கொம்பில் அந்த நீலப் பட்டு ஊர் பார்க்கத் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் கிளம்பி வந்த விஜயாவிடம் அதைக் காட்டி என்னவோ கேட்டாள்.

"இன்னா கேக்கறா?" என்றார் ஏகாம்பரம்.

"இந்த நீலம் எங்கேர்ந்து கெடச்சுதுன்னு கேக்கறாங்க மாமா."

"அவங்க ஊர் சரக்குதான்னு சொல்லும்மா! நாம போட்டா எப்டி வந்திருக்குது, பாக்கச் சொல்லு!"

விஜயா சொன்னாள். ஹெலன் பட்டைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் காதில் சொன்னதைக் கேட்ட விஜயாவும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாம்மா? இன்னா சிரிப்பு? சொல்லு, நாலு பேரு கேக்கட்டும்!"

அந்த நாலு பேர் கேட்டிருந்தால் ஏகாம்பரம் அப்புறம் காஞ்சிபுரத்தில் ஒரு முழம் பட்டு விற்றிருக்க முடியாது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ... முழங்கால் கொடுத்த தைரியம் என்றுதான் நினைக்கிறேன். அத்தனை ஆண்கள் நடுவில் நடந்து போய், "தம்பி, இப்டி கொஞ்சம் வா" என்றேன். தெருவே அடங்கிவிட்டது. நான் பேசிவிட்டேனே!

மரத்துக்குப் பின்னால் போனதும் மெதுவாகச் சொன்னேன்: "அது சாயம் இல்ல தம்பி."

"பின்ன?"

வண்டியில் அந்தக் கக்கூஸ் அலமாரி இருக்கும் பக்கத்தை முகவாயால் காட்டினேன்.

அவர் முகத்தில் ஓடின நிறங்களை ஒரே பாவில் கோத்திருந்தால் முதல்தரப் புடவை வந்திருக்கும். விரலை வேட்டியில் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார்.

"அண்ணி... யார்கிட்டயும்..."

"நான் யார்கிட்ட பேசறேன் தம்பி?"

திரும்பி வந்தவர் ஆட்களைப் பார்த்துக் கத்தினார். "இன்னாடா வேடிக்க? வந்தவங்கள தொரத்தறது நம்ம ஊர் பழக்கமா? போய் பாவப் புடிங்கடா!"

அன்று மத்தியானமே பட்டறையிலிருந்து ஒரு வாளி வந்தது — பட்டுக்கு மேலிருக்கும் பசையைப் போக்க சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைப்பார்களே, அந்தத் தண்ணீர். அதில் கொஞ்சம் பினாயில் கலக்கச் சொல்லியிருந்தார். நீலம் அளவுக்கு இல்லை என்று ஹெலன் சொன்னாள். ஆனால் கண் எரியவில்லை, நாற்றமும் தெருவுக்கு வரவில்லை. எந்த வண்டியைத் தள்ளச் சொன்னாரோ, அதன் கக்கூசுக்குத் தினமும் தன் கையாலேயே கலந்து அனுப்பினார் தெருப் பெரியவர்.

சாமான் வந்தது. வண்டி கிளம்பியது. ஹெலன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன் — அவளுக்காகப் பாதி, அந்த அலமாரிக்காகப் பாதி.

அன்றே என் மகனைக் கேட்டேன். "கொல்லையில ஒண்ணு கட்டேன்பா. நாற்காலி மாரி."

"தறி இருக்கற வூட்லயாம்மா? ஏகாம்பரம் சித்தப்பா விடுவாரா?"

"போய்க் கேட்டுட்டு வா."

போனவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "செங்கல் நானே அனுப்பறேன்றாரும்மா! உன் முட்டிவலி பத்தி வேற விசாரிச்சாரு. இன்னாம்மா நடந்துச்சி?"

"எனக்கு இன்னாப்பா தெரியும்?"

போன வெள்ளிக்கிழமை கதவு மாட்டியாயிற்று. உள்ளே இருந்து பார்த்தால் எதிர்ச்சுவரில் ஒரு சின்ன ஜன்னல், அதில் கொஞ்சம் ஆகாயம். அதுவும் நீலம்.

அந்தக் கழி என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? ஒரு கல்யாணப் புடவையின் உடலில் குறுக்கு இழையாக ஓடிவிட்டது. சாயம் போகவில்லையாம், பெண் வீட்டாருக்குப் பரம திருப்தியாம். ஏகாம்பரம் என்பது அவர் பெயரில்லை; எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு ஏகாம்பரம் இருப்பதால் இந்தப் பெயரே பத்திரம் என்று வைத்தேன்.

வாக்குத் தவறிவிட்டேனே என்று யாரும் கோபிக்க வேண்டாம் — பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லையே!