கடைசியாக வந்தவருக்கு முதல் பரிசு

வளைகுடாவில் ஒரு பாய்ப்படகு கிளப்பில் பல வருடம் மெஷரராக இருந்தேன். கேட்டமரான் என்கிற இரட்டை உடல் படகுகளை எடை போட்டு, பாயை அளந்து, ரேட்டிங் கொடுப்பது என் வேலை. தஞ்சாவூருக்குத் திரும்பிய பிறகு, இந்த வேலைக்கு இங்கே ஆள் தேவைப்படாது என்றுதான் நினைத்தேன். ஆனால் தாராளமயம் வந்து வெளிநாட்டுக் காசும் வர, கடற்கரையில் நாலைந்து பேர் சேர்ந்து கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள்.

கிளப்பில் இரண்டு பேர் முக்கியம். ஒரத்தநாட்டு ராஜமாணிக்கம், சிங்கப்பூரிலிருந்து வந்தவர். பதினாறு அடிப் படகு. தஞ்சாவூர் லாரன்ஸ், துபாயிலிருந்து வந்தவர், பதினெட்டு அடி. ஒரே கிளாஸ் படகாக இருந்தால் வம்பில்லை. கிளாஸ் விதிப்படி கயிறு முதல் எல்லாம் ஒன்றாக இருக்கும், முன்னால் வந்தவர் ஜெயித்தார். வேறு வேறு படகென்றால்தான் ரேட்டிங். வேகமான படகுக்குச் சின்ன எண், மெதுவானதற்குப் பெரிய எண். ஓடிய நேரத்தை அந்த எண்ணால் வகுப்போம். யாருக்குக் குறைவாக வருகிறதோ அவருக்குப் பரிசு.

டீக்கடையில் இருவர் படகும் ராக்கெட். அளக்கும் கொட்டகையில் இரண்டும் கட்டை வண்டி. ஒரே நிலத்தைப் பெண் பார்க்க வந்தவரிடம் நன்செய் என்றும், தாசில்தார் வந்தால் தரிசு என்றும் சொல்கிற ஊர் நம்முடையது. எனக்கு ஆச்சரியமில்லை.

முதலில் லாரன்ஸ் படகைத் தராசில் ஏற்றினோம். எடை கூடினால் எண் கூடும். முள் எங்கேயோ போய் நின்றது. பின்பக்க அடைப்பானைத் திருகினேன். தண்ணீர் மடை திறந்த மாதிரி கொட்டியது.

"மழைத் தண்ணிங்க சார்," என்றார் லாரன்ஸ்.

"சித்திரை மாசத்துல எங்கங்க மழை?"

"பனியா இருக்கும் சார்."

வடியவிட்டு மறுபடி எடை போட்டேன். ராஜமாணிக்கம் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் திருட்டு எதுவும் செய்யவில்லை, புத்திசாலி. புதிதாக வாங்கிய பெரிய பாயை வீட்டிலேயே வைத்துவிட்டு, பழைய சின்னப் பாயைக் கொண்டுவந்திருந்தார். பாய் சின்னதானாலும் எண் கூடும்.

"அளந்து கையெழுத்துப் போட்ட பாய்லதான் ஓட்டணும். அப்புறம் மாத்த முடியாதுங்க," என்றேன்.

"தெரியும் சார். எண்ணுதான் முக்கியம். போடுங்க."

போட்டேன். அவருக்கு நல்ல பெரிய எண்.

போட்டி நாளில் ஒரத்தநாட்டிலிருந்து இரண்டு வேன் நிறைய அவருடைய சொந்தக்காரர்கள் வந்தார்கள். காற்று சுமாராகத்தான் இருந்தது. லாரன்ஸ் முதலில் வந்து சேர்ந்தார். மற்றவர்களும் வந்தார்கள். ராஜமாணிக்கத்தின் பாய் தொங்கிக்கொண்டு, எல்லோருக்கும் பின்னால் ஆடி அசைந்து கரைக்கு வந்தது. வேன்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நான் வகுத்துப் பார்த்தேன். மறுபடியும் வகுத்தேன். சில நொடி வித்தியாசத்தில் ராஜமாணிக்கத்துக்கு முதல் பரிசு.

கப்பை வாங்கும்போது ஒரு கைதட்டல் இல்லை. அவருடைய மாமனார் தோளில் தட்டி, "விடுங்க மாப்ள. அடுத்த வருசம் ஜெயிச்சிரலாம்," என்றார்.

"மாமா, நான்தான் ஜெயிச்சேன்!"

"சரிங்க, சரிங்க. அதான் பாத்தோமே."

மாமியார் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "ஆறுதல் பரிசுக்கு இவ்வளவு பெரிய கப்பா தருவீங்க?"

நான் மைக்கில் ரேட்டிங்கை விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசியில் பெரியவர் ஒருவர், "அது சரிங்க, மொதல்ல வந்தது யாரு?" என்றார். லாரன்ஸ் கையைத் தூக்கினார். ஒரத்தநாட்டு வேன்களே கைதட்டின.

அடுத்த மாதம் ராஜமாணிக்கம் அந்தப் படகை விற்றுவிட்டு, லாரன்ஸ் வைத்திருக்கும் அதே கிளாஸில் ஒன்று வாங்கி வந்தார். "இனிமே வகுக்குற வேலையே வேணாம் சார். முன்னாடி வந்தா ஜெயிச்சேன், பின்னாடி வந்தா தோத்தேன்," என்றார். அதன் பிறகு அநேகமாகத் தோற்றார். முகம் மட்டும் தெளிவாக இருந்தது.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். கணக்கைச் சரியாகப் போடுங்கள், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் அந்தக் கணக்கு மாமனாருக்கும் புரியும் என்று யாருக்கும் உறுதி கொடுக்காதீர்கள்.